ஆண்டிப்பட்டி யாருடைய கோட்டை? 1977 முதல் 2021 வரை ஒரு தொகுதியின் தேர்தல் கதை

ஆண்டிப்பட்டி சட்டமன்றத் தொகுதியைப் பற்றி நீங்கள் மூன்று விஷயங்கள் கேட்டிருந்தீர்கள். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் ஏன் அந்த ஊரைத் தேடிப் போனார்கள்? அதை அ.தி.மு.க.வின் கோட்டை என்று சொல்வது சரியா? சரி என்றால் 2019லும் 2021லும் தி.மு.க. அங்கே ஜெயித்தது எப்படி?

தனித்தனியாகக் கேட்டாலும் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. என் பார்வையில் ஆண்டிப்பட்டி இரட்டை இலைச் சின்னத்தின் கோட்டை. கட்சிக்கோ, ஒரு தலைவருக்கோ, உள்ளூர் வேட்பாளருக்கோ அந்த அளவு விசுவாசம் அங்கே இருந்ததில்லை. அந்தச் சின்னத்துக்குப் பின்னால் நின்றவர்கள் இரண்டாகப் பிரிந்த காலங்களில் எல்லாம் தொகுதி கைமாறியிருக்கிறது. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்கிறேன். 1977லிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சந்தித்த முதல் சட்டமன்றப் பொதுத்தேர்தல் அதுதான்.

முதலில் ஊர். மதுரையிலிருந்து தேனி சாலையில் மேற்கே போய், உசிலம்பட்டியைத் தாண்டி, கணவாயில் இறங்கினால் ஆண்டிப்பட்டி. தேனி மாவட்டத்துக்கு அதுதான் கிழக்கு வாசல். மாவட்டம் என்று சொன்னாலும், 1996ல்தான் தேனி தனி மாவட்டமானது. அதற்கு முன்பு இதெல்லாம் மதுரை மாவட்டம். கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பகுதி மானாவாரி நிலம். சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறி ஓடுகிறது. தெற்கே கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்று போய் வருசநாட்டு மலையில் முடிகிறது. வைகை அந்த மலையில்தான் பிறக்கிறது. 1959ல் திறக்கப்பட்ட வைகை அணையும் ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முக்குலத்தோர் பெருமளவில் வாழும் பகுதி. கூடவே நாயக்கர், நெசவாளர் சமூகங்கள், பட்டியல் சமூகத்தினர் எல்லோரும் இருக்கிறார்கள்.

எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கியது 1972 அக்டோபரில். அடுத்த ஆண்டு மே மாதமே, அப்போது மதுரை மாவட்டத்துக்குள் இருந்த திண்டுக்கல் மக்களவைத் தொகுதியின் இடைத்தேர்தலில் மாயத்தேவர் வென்றார். இரட்டை இலை என்ற சின்னம் முதலில் ஜெயித்த தேர்தல் அது. அந்த வட்டாரம் முழுவதும் அப்போதே இலையின் பக்கம் சாய்ந்துவிட்டது. 1977ல் ஆண்டிப்பட்டியும் அ.தி.மு.க.வுக்குப் போனது. 1980ல் அங்கே நின்று வென்றவர் நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரன். இது பலருக்கு மறந்துபோன விஷயம். அவர் 1962லேயே பக்கத்துத் தேனி தொகுதியில் தி.மு.க. சார்பில் நின்று சட்டமன்றம் போனவர். நாட்டிலேயே தேர்தலில் வென்று சட்டமன்ற உறுப்பினரான முதல் திரைப்பட நடிகர் என்று சொல்லப்படுபவர். ஆக, எம்.ஜி.ஆர். வருவதற்கு முன்பே ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்த தொகுதி இது.

1980 வெற்றியின் சூழலையும் நினைவில் வையுங்கள். அந்த ஆண்டு ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடங்கள். பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. அதற்கு நான்கு மாதத்துக்குள் நடந்த சட்டமன்றத் தேர்தலில் மக்கள் அவரையே திரும்பக் கொண்டுவந்தார்கள். எம்.ஜி.ஆர். அந்தத் தேர்தலில் நின்றது மதுரை மேற்கில். அதற்கு முன் 1977ல் அருப்புக்கோட்டை, தி.மு.க.வில் இருந்தபோது பரங்கிமலை. எம்.ஜி.ஆர். என்றாலே ஆண்டிப்பட்டி என்று ஒரு நினைப்பு இருக்கிறது, ஆனால் அவர் அங்கே நின்றது ஒரே ஒரு முறைதான்.

அந்த ஒரு முறைதான் தொகுதியின் பெயரை நாடறியச் செய்தது. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். உடல்நலம் கெட்டு அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த மாதக் கடைசி நாளில் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். நவம்பர் 5ஆம் தேதி எம்.ஜி.ஆரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு மருத்துவமனைப் படுக்கையில் அவர் இருக்க, இங்கே மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்தே தேர்தல் வந்தது. வேட்புமனுவுக்கான நடைமுறைகளை அங்கிருந்தே முடித்து அனுப்பினார். பிரச்சாரத்துக்கு ஒரு நாள்கூட வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நிலையில் அவருக்கு ஒரு தொகுதி வேண்டும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? வேட்பாளர் முகம் காட்டாமலே சின்னத்தைப் பார்த்துக் குத்தும் தொகுதியைத்தான். உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி இதில் இருக்கிறது.

மருத்துவமனையில் அவர் உட்கார்ந்து சாப்பிடுவதைக் காட்டும் படச்சுருள் தமிழ்நாடு முழுவதும் ஓட்டப்பட்டது. அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று சந்தேகம் கிளப்பப்பட்ட காலம் என்பதால் அந்தச் சில நிமிடக் காட்சிக்கு எந்த மேடைப் பேச்சையும்விட வலு இருந்தது. டிசம்பர் 24ஆம் தேதி வாக்குப்பதிவு. ஆண்டிப்பட்டியில் எம்.ஜி.ஆர். 60,510 வாக்குகள் பெற்றார், தி.மு.க. வேட்பாளரைவிட 32,484 அதிகம். 1985 பிப்ரவரி 4ஆம் தேதி நாடு திரும்பி, 10ஆம் தேதி மூன்றாவது முறையாக முதல்வர் பொறுப்பேற்றார். வாக்குப்பதிவு நடந்த அதே டிசம்பர் 24ஆம் தேதியில், சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1987ல் காலமானார். கடைசி மூச்சுவரை அவர் ஆண்டிப்பட்டியின் உறுப்பினர்.

அப்புறம் வந்தது 1989. இந்தத் தொகுதியின் வரலாற்றில் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தேர்தல்தான். ஆனால் ஆண்டிப்பட்டியைப் பற்றிப் பேசுபவர்கள் அதைத் தாண்டிக் குதித்து நேராக ஜெயலலிதாவுக்குப் போய்விடுகிறார்கள்.

எம்.ஜி.ஆர். மறைந்ததும் கட்சி பிளந்தது. ஒரு பக்கம் அவர் மனைவி ஜானகி அம்மையார், இன்னொரு பக்கம் ஜெயலலிதா. 1988 ஜனவரியில் ஜானகி முதல்வரானார். அந்த ஆட்சி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. இரு தரப்பும் உரிமை கோரியதால் இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். 1989 ஜனவரித் தேர்தலில் ஜானகி எங்கே நின்றார் தெரியுமா? கணவரின் தொகுதியான ஆண்டிப்பட்டியில். ஜெயலலிதா எங்கே நின்றார்? ஒட்டினாற்போல இருக்கும் போடிநாயக்கனூரில். எம்.ஜி.ஆரின் வாரிசு யார் என்ற வழக்கு, தேனி வட்டாரத்தின் அடுத்தடுத்த இரண்டு தொகுதிகளில் ஒரே நாளில் வாக்காளர் முன் வந்தது.

தீர்ப்பு தெளிவாக இருந்தது. போடியில் சேவல் ஜெயித்தது. ஜெயலலிதா சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் வெற்றி அதுதான், ஆண்டிப்பட்டி அல்ல. ஆண்டிப்பட்டியில் ஜானகி தோற்றார். எம்.ஜி.ஆரைப் பார்க்காமலே ஜெயிக்கவைத்த ஊர் அவர் மனைவிக்கு அந்த இடத்தைத் தரவில்லை. கணவரின் ஊர், கணவரின் பெயர், நாலு ஆண்டுக்கு முந்தைய அனுதாபம் எல்லாம் இருந்தும் சின்னம் இல்லை. ஆண்டிப்பட்டியில் சேவல் அணி வேட்பாளரும் இருந்தார். இலைக்கு விழுந்திருக்க வேண்டிய வாக்கு புறாவுக்கும் சேவலுக்கும் பிரிந்துபோக, நடுவில் தி.மு.க.வின் பி.ஆசையன் வென்றார். அந்தத் தோல்விக்குப் பிறகு ஜானகி அரசியலைவிட்டே ஒதுங்கினார். அணிகள் இணைந்தன, இலை திரும்பக் கிடைத்தது. அதற்குப் பின் கட்சி யாருடையது என்ற கேள்வி ஜெயலலிதா இருந்தவரை எழவே இல்லை.

1991ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு நடந்த தேர்தலில் இலை மறுபடி ஆண்டிப்பட்டியை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு மாநிலம் முழுவதுமே அப்படித்தான், அதில் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

1996தான் நான் முதலில் சொன்ன விதிவிலக்கு. அ.தி.மு.க. உடையாமலே அந்த முறை ஆண்டிப்பட்டியை இழந்தது. அதே ஆசையன் தி.மு.க. சார்பில் மீண்டும் வென்றார். ஜெயலலிதாவே பர்கூரில் தோற்ற தேர்தல் அது. காங்கிரஸிலிருந்து மூப்பனார் பிரிந்து வந்து தி.மு.க.வோடு சேர்ந்திருந்தார். ஊழல் புகார்கள் மேல் மக்களுக்கு இருந்த கோபம் எல்லா வேலியையும் தாண்டி அடித்தது. கோட்டை என்று சொல்லும் யாரும் 1996ஐ மறைத்துவிட்டுப் பேசக் கூடாது. மாநிலம் முழுவதும் பேரலை அடித்தால் ஆண்டிப்பட்டியும் நனையும்.

இனி 2001. சட்டம் படிப்பவர்களுக்கு இது பாடமாகவே இருக்கிறது. டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய வழக்கில் 2000 அக்டோபரில் ஜெயலலிதாவுக்குச் சிறப்பு நீதிமன்றம் மூன்று ஆண்டுத் தண்டனை விதித்தது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்க முடியாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(3) பிரிவு. இருந்தும் அவர் ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என்று நான்கு தொகுதிகளில் மனுத்தாக்கல் செய்தார். ஏப்ரல் 24ஆம் தேதி நான்குமே தள்ளுபடி. மூன்று மனுக்களுக்குத் தண்டனை காரணம். நான்காவதற்கு, ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி காரணம். ஆண்டிப்பட்டியில் அவர் இடத்தில் வேட்பாளரானவர் தங்க தமிழ்ச்செல்வன். அவர் ஜெயித்தார், கட்சியும் ஜெயித்தது.

மே 14ஆம் தேதி ஆளுநர் பாத்திமா பீவி ஜெயலலிதாவுக்கு முதல்வராகப் பதவிப்பிரமாணம் செய்துவைத்தார். உறுப்பினர் அல்லாத ஒருவர் ஆறு மாதம்வரை அமைச்சராக இருக்கலாம் என்ற அரசியல் சாசனத்தின் 164(4) பிரிவுதான் ஆதாரமாகக் காட்டப்பட்டது. செப்டம்பர் 21ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த நியமனம் செல்லாது என்றது. ஆறு மாத அவகாசம் என்பது தேர்தலில் நின்று ஜெயித்து வரத் தகுதி உள்ளவருக்குத்தான். நிற்கவே தகுதி இல்லாதவருக்கு அது பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். அன்று இரவே முதல்வரானவர் ஓ.பன்னீர்செல்வம். அவருடைய தொகுதி பெரியகுளம். அதாவது, அதுவும் தேனி மாவட்டம்தான்.

டிசம்பர் 4ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. உடனே தங்க தமிழ்ச்செல்வன் பதவியை விட்டுக்கொடுத்தார். 2002 பிப்ரவரி 21ஆம் தேதி இடைத்தேர்தல். ஜெயலலிதா 78,437, தி.மு.க.வின் வைகை சேகர் 37,236, வித்தியாசம் 41,201. எம்.ஜி.ஆர். 1984ல் பெற்ற வித்தியாசத்தைவிட இது பெரிது. இடைத்தேர்தல் என்பதால் ஆளும்கட்சியின் முழு பலமும் ஒரே தொகுதியில் இறங்கியது என்பதையும், ஜெயித்தால் முதல்வராகப் போகிறவர் அவர் என்று வாக்காளருக்குத் தெரியும் என்பதையும் கழித்துக்கொண்டுதான் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். மார்ச் 2ஆம் தேதி அவர் மறுபடி முதல்வரானார். முதல்வர் நாற்காலி பெரியகுளத்திலிருந்து ஆண்டிப்பட்டிக்கு மாறியது என்று சொன்னால் தப்பில்லை.

ஜெயலலிதா ஏன் ஆண்டிப்பட்டியைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு எம்.ஜி.ஆர். நின்ற இடம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் எம்.ஜி.ஆர். நின்ற அருப்புக்கோட்டையும் மதுரை மேற்கும் இருந்தனவே? ஆண்டிப்பட்டி என்பது எம்.ஜி.ஆர். உறுப்பினராகவே இறந்த தொகுதி, அவருடைய வாரிசாக ஜானகி நின்று தோற்ற தொகுதி. அங்கே நின்று ஜெயித்தால் 1989ல் பாதியில் நின்ற கணக்கு முடிந்துவிடும். இது என் ஊகம்தான், அவர் அப்படி எங்கும் சொன்னதில்லை. பாதுகாப்பான தொகுதி என்பது மட்டும் காரணமாக இருந்திருந்தால் தெற்கு மாவட்டங்களில் அவருக்கு வேறு இடங்களும் இருந்தன.

2006லும் அவர் அங்கேயே நின்றார். ஆட்சி போனது, ஆனால் ஆண்டிப்பட்டி நின்றது: 73,927க்கு 48,741, வித்தியாசம் 25,186. எதிர்த்து நின்ற தி.மு.க. வேட்பாளரின் பெயர் சீமான். நாம் தமிழர் கட்சியின் சீமான் என்று சிலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அவர் வேறு, இவர் வேறு. நாம் தமிழர் கட்சி அப்போது தேர்தல் களத்திலேயே இல்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஜெயலலிதா சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்ததும் ஆண்டிப்பட்டி உறுப்பினராகத்தான். 2011ல் அவர் ஸ்ரீரங்கத்துக்கு மாறிவிட்டார்.

இடையில் தொகுதி மறுவரையறை வந்தது. தேனி என்ற சட்டமன்றத் தொகுதியே மறைந்தது. பெரியகுளம் தனித்தொகுதியானது, அதனால் பன்னீர்செல்வம் போடிக்கு மாறினார். ஆண்டிப்பட்டியின் எல்லையும் மாறியது. ஆகவே 2006க்கு முந்தைய வாக்கு எண்ணிக்கையையும் 2011க்குப் பிந்தையதையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். புள்ளிவிவரம் எடுப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது.

2011, 2016 இரண்டிலும் தங்க தமிழ்ச்செல்வன் நின்றார், இரண்டிலும் தி.மு.க.வின் எல்.மூக்கையாவைத் தோற்கடித்தார். 2011ல் வித்தியாசம் 21,031. 2016ல் அவர் வாங்கியது 1,03,129, மூக்கையா 72,933, வித்தியாசம் 30,196. இந்த 1,03,129 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அதற்குத் திரும்பி வருவேன்.

2016 டிசம்பர் 5ஆம் தேதி ஜெயலலிதா மறைந்தார். இரண்டே மாதத்தில் கட்சி மறுபடி பிளந்தது, இந்த முறையும் பிளவின் முகங்கள் பல தேனிப் பக்கத்து முகங்கள். தர்மயுத்தம் என்று கிளம்பிய பன்னீர்செல்வம் போடியின் உறுப்பினர். சசிகலா, தினகரன் பக்கம் நின்று தினமும் தொலைக்காட்சியில் பேசிய தங்க தமிழ்ச்செல்வன் ஆண்டிப்பட்டியின் உறுப்பினர். தினகரனும் 1999ல் பெரியகுளம் மக்களவைத் தொகுதியில்தான் தன் தேர்தல் அரசியலைத் தொடங்கினார். 2017 ஆகஸ்டில் 19 உறுப்பினர்கள் முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அதில் கம்பம் உறுப்பினர் ஜக்கையன் பின்னர் தரப்பு மாறினார். மீதி 18 பேரையும் செப்டம்பர் 18ஆம் தேதி பேரவைத் தலைவர் தனபால் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி தகுதிநீக்கம் செய்தார். ஆண்டிப்பட்டிக்கு உறுப்பினர் இல்லாமல் போனது.

வழக்கு நடந்தது. 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள். மூன்றாவது நீதிபதியிடம் போகும் முன்பே, தொகுதி மக்கள் உறுப்பினர் இல்லாமல் தவிக்கிறார்கள், நான் வழக்கை வாபஸ் வாங்குகிறேன் என்று தங்க தமிழ்ச்செல்வன் அறிவித்தார். அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் நிறைய உண்டு. அந்த அறிவிப்பு நியாயமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அக்டோபர் 25ஆம் தேதி மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார். இடைத்தேர்தலுக்கு வழி பிறந்தது 2019 ஏப்ரலில், மக்களவைத் தேர்தலோடு. ஒரு தொகுதி ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரதிநிதி இல்லாமல் கிடந்தது. கோட்டை, வியூகம் என்று பேசும்போது இந்த ஒன்றரை ஆண்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு மனு எழுதிக்கொடுக்க ஆள் இல்லாத அந்தக் காலத்தை அங்கே வாழ்ந்தவர்கள்தான் உணர்ந்திருப்பார்கள்.

2019 இடைத்தேர்தலில் தி.மு.க. நிறுத்தியது அ.மகாராஜனை. அ.தி.மு.க. நிறுத்தியது அவருடைய உடன்பிறந்த தம்பி அ.லோகிராஜனை. தினகரன் தனியாகத் தொடங்கிய அம்மா மக்கள் முன்னேற்றக் கழகம் (அ.ம.மு.க.) ஜெயக்குமாரை நிறுத்தியது, தங்க தமிழ்ச்செல்வன் அக்கட்சி சார்பில் தேனி மக்களவைத் தொகுதியில் போட்டியிடப் போய்விட்டார். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு இரவில் ஆண்டிப்பட்டியில் அ.ம.மு.க. அலுவலகம் இருந்த கட்டடத்தில் சோதனை நடந்தது, கைகலப்பானது, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. வார்டு வாரியாகக் கவர்களில் போட்டுவைத்த ரூ.1.48 கோடி கைப்பற்றப்பட்டதாக வருமான வரித்துறை சொன்னது. எந்தக் கட்சியின் பணமும் இதைவிடச் சுத்தமாக ஊருக்குள் வந்துபோனதாக நான் நம்பவில்லை. ஆனால் துப்பாக்கிச் சத்தம்வரை போனது அந்த ஊருக்கே புதிது.

முடிவு: மகாராஜன் 87,079, லோகிராஜன் 74,756, அ.ம.மு.க. 28,313. தி.மு.க. 12,323 வாக்கில் ஜெயித்தது. இப்போது ஒரு சின்னக் கூட்டல் செய்யுங்கள். லோகிராஜனின் 74,756ஐயும் அ.ம.மு.க.வின் 28,313ஐயும் சேர்த்தால் 1,03,069. 2016ல் தங்க தமிழ்ச்செல்வன் தனியாக வாங்கியது 1,03,129. அறுபது வாக்குதான் வித்தியாசம்! அதே ஆட்கள்தான் அப்படியே பிரிந்து போட்டார்கள் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. புது வாக்காளர் வந்திருப்பார்கள், சிலர் கட்சி மாறியிருப்பார்கள். ஆனாலும் 1989ல் புறாவும் சேவலும் செய்ததை 2019ல் இலையும் அ.ம.மு.க.வின் சின்னமான பரிசுப் பெட்டியும் செய்தன என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எண் கிடைக்காது.

அதேசமயம் ஒரு விஷயத்தை ஒளிக்கக் கூடாது. தி.மு.க.வின் வாக்கு 72,933லிருந்து 87,079க்கு ஏறியிருக்கிறது. 14,000க்கும் மேல் கூடுதல். இது எதிராளி பிளந்ததால் மட்டும் வந்ததல்ல. மகாராஜனுக்கு அங்கே சொந்தச் செல்வாக்கு இருக்கிறது, உள்ளூர்க்காரர் என்ற நெருக்கம் இருக்கிறது. நட்சத்திரங்களையும் முதல்வர்களையும் பார்த்த தொகுதியில் பக்கத்து ஊர்க்காரரே உறுப்பினராக இருப்பதன் அருமை பலருக்குப் புரிந்திருக்கும்.

2021ல் அதே அண்ணன் தம்பி மறுபடி மோதினார்கள். அண்ணன் 93,541, தம்பி 85,003, வித்தியாசம் 8,538. இங்கேயும் அ.ம.மு.க. வாங்கிய வாக்கு அந்த வித்தியாசத்தைவிட அதிகம். தங்க தமிழ்ச்செல்வன் இதற்குள் தி.மு.க.வுக்குப் போய்விட்டார், 2021ல் போடியில் பன்னீர்செல்வத்தை எதிர்த்து நின்று 11,021 வாக்கில் தோற்றார். 2024ல் தேனி மக்களவையில் உதயசூரியன் சின்னத்தில் நின்று, ஒரு காலத்தில் தான் தலைவராகக் கொண்டாடிய தினகரனையே 2,78,825 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஜெயலலிதாவுக்காகப் பதவியை விட்டுக்கொடுத்தவரின் பாதை இப்படிப் போகும் என்று 2002ல் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா?

நட்சத்திரத் தொகுதியாக இருந்து ஆண்டிப்பட்டிக்கு என்ன கிடைத்தது என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. பெரிதாகக் கிடைத்தது க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஜெயலலிதா உறுப்பினராக இருந்த காலத்தின் பலன் அது. அதற்கு முன்பு ஒரு விபத்து என்றால் கணவாய் ஏறி மதுரை போக வேண்டும். இன்று மாவட்டம் முழுவதற்கும் அதுதான் நம்பிக்கை. இதை யார் ஆட்சி என்று பாராமல் பாராட்ட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. 71 அடி தேக்கும் வைகை அணை இங்கேயே இருக்கிறது. தண்ணீர் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் போகிறது. அணை கட்டும்போது நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்கள் இந்தப் பகுதிக்காரர்கள். ஆனால் அணையைவிட மேட்டில் இருக்கும் இவர்களுடைய கண்மாய்களுக்கு அந்தத் தண்ணீர் ஏறாது. முல்லைப்பெரியாற்று நீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கண்மாய்களை நிரப்புங்கள் என்ற கோரிக்கை ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது, ஒவ்வொரு வேட்பாளரும் தலையாட்டுகிறார். நெசவாளர்களின் கோரிக்கைகளுக்கும் வருசநாட்டு மலையோர விவசாயிகளின் நிலச் சிக்கலுக்கும் இதே கதிதான். மதுரை–போடி ரயிலை அகலப்பாதைக்காக 2011 தொடக்கத்தில் நிறுத்தினார்கள்; ஆண்டிப்பட்டி வழியாகத் தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம். இரண்டு முதல்வர்களைத் தந்த தொகுதி பதினோரு ஆண்டு ரயிலுக்குக் காத்திருந்தது.

சரி, கடைசிக் கேள்வி. இரண்டு முறை தொடர்ந்து ஜெயித்ததால் இனி அதைத் தி.மு.க. தொகுதி என்று எழுதிவிடலாமா? 2021 வரையிலான எண்களை வைத்து நான் அப்படி எழுத மாட்டேன். மாநிலத்தில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்த தேர்தலில்கூட, இரண்டு ஆண்டு உறுப்பினராக இருந்த அனுபவத்தோடு நின்றும், மகாராஜனின் வித்தியாசம் 12,323லிருந்து 8,538ஆகக் குறைந்திருக்கிறது. அ.ம.மு.க.வின் வாக்கு பாதிக்கும் கீழே இறங்க, லோகிராஜனின் வாக்கு 10,000க்கு மேல் கூடியிருக்கிறது. பிரிந்து போனவர்களில் ஒரு பகுதி இலைக்குத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள் என்று இதைப் படிக்கலாம். 1989ல் இழந்ததை இணைந்ததும் 1991லேயே மீட்டார்கள். அப்போது பிரிந்திருந்தவை இரண்டு அணிகள், அவற்றை இணைக்க இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் போதுமாக இருந்தது. 2022 ஜூலையில் பன்னீர்செல்வமும் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு, தேனி வட்டாரத்தில் அந்தப் பழைய வாக்கு இரண்டுக்கும் மேற்பட்ட துண்டுகளாகிப் போனது.